பொருத்தம் பார்க்கும் நாளில் இரத்தத்தையும் பார்ப்போம்

(கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்தில் திருமண வயதில் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்காக ஆலய மண்டபத்தில் நடைபெற்ற ஒன்றுகூடலில், ஆலய நிர்வாகக் குழு உறுப்பினரும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியருமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆலய மண்டபத்தில் நின்று இரத்தத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று சிலர் நினைக்கக்கூடும். இந்த மண்டபத்தில்தான் நம் பிள்ளைகளின் தாலி ஏறுகிறது. வளைகாப்பு முடிந்து அர்ச்சனைக்கு வருவதும், பிறந்த குழந்தையை முதல் தடவையாகத் தூக்கிவந்து சந்நிதியில் கிடத்துவதும் இங்கேதான். குழந்தை நலமாகப் பிறக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் இடத்தில், அதற்கு நாம் செய்ய வேண்டியது என்ன என்று பேசுவது தவறாகாது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் தலசீமியா. கணவன், மனைவி இருவரில் ஒருவரிடம் இந்தப் பரம்பரை இரத்தக் குறைபாட்டின் கூறு இருப்பது தெரியவந்தால், குழந்தை பெற்றுக்கொள்வதை எப்படித் திட்டமிடுவது? அஞ்ச வேண்டியது எது, அஞ்ச வேண்டாதது எது? இவற்றை எளிமையாகச் சொல்ல முயல்கிறேன்.

தலசீமியா என்றால் என்ன?

நம் இரத்தத்தின் சிவப்பு அணுக்களுக்குள்ளே ஹீமோகுளோபின் என்ற பொருள் இருக்கிறது. நாம் சுவாசிக்கும் பிராண வாயுவை உடல் முழுவதும் சுமந்து செல்வது அதுதான். அந்த ஹீமோகுளோபினைச் செய்வதற்கான கட்டளையைத் தாயிடமிருந்து ஒரு பங்கும் தந்தையிடமிருந்து ஒரு பங்குமாக நாம் பெறுகிறோம். அந்தக் கட்டளையில் பிழை இருந்தால் ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாது. இதுவே தலசீமியா. கிரேக்க மொழியில் கடலைக் குறிக்கும் சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது. 1925-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கூலி என்ற குழந்தை மருத்துவர் இந்நோயை விவரித்து எழுதினார். அக்காலத்தில் மத்தியதரைக் கடலோர மக்களிடம் அதிகம் காணப்பட்டதால் அப்பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் இது அந்தக் கடலோரத்து நோய் மட்டும் அன்று. இந்தியா, இலங்கை, தாய்லாந்து, மலேசியா ஆகிய நாடுகளிலெல்லாம் உண்டு.

பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பிழையான பங்கைப் பெற்றவரைத் தலசீமியாக் கூற்றைச் சுமப்பவர் என்கிறோம். அவருக்கு நோய் இல்லை. படிக்கலாம், விளையாடலாம், வேலைக்குப் போகலாம், முதுமை வரை வாழலாம். பரிசோதித்தால் அன்றி அவருக்கே அது தெரியாது. சற்று இரத்தம் குறைவாக இருக்கும், அவ்வளவுதான்.

இருவரிடமிருந்தும் பிழையான பங்கைப் பெற்ற குழந்தையின் நிலை வேறு. பிறக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். சில மாதங்களில் வெளிறிப்போகும், பால் குடிக்காது, வளர்ச்சி குன்றும், மண்ணீரல் வீங்கி வயிறு புடைக்கும். கடுமையான வகை என்றால் இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரத்திற்கு ஒருமுறை மருத்துவமனையில் இரத்தம் ஏற்ற வேண்டும். இது ஆயுள் முழுவதும் தொடரும். ஏற்றிய இரத்தத்தில் உள்ள இரும்பு இதயத்திலும் ஈரலிலும் படியும். அதை வெளியேற்ற மருந்து வேண்டும். முற்காலத்தில் சிறு இயந்திரம் ஒன்றை வயிற்றுத் தோலில் ஊசியால் பொருத்தி, இரவில் எட்டு மணி நேரத்திற்கு மேல் மருந்து ஏற்றினார்கள். வாரத்தில் ஐந்து, ஆறு இரவுகள் அந்தப் பிள்ளை ஊசியோடுதான் உறங்க வேண்டும். இப்போது வாய்வழி மருந்துகளும் வந்துவிட்டன. பொருத்தமான எலும்பு மஜ்ஜை கிடைத்தால் மாற்றுச் சிகிச்சையும் உண்டு. ஆனால் எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை.

நல்ல சிகிச்சை பெறும் தலசீமியா நோயாளிகள் இன்று படித்து, வேலை பார்த்து, திருமணமும் செய்துகொண்டு வாழ்கிறார்கள். அவர்களைக் குறைத்துச் சொல்வதற்காக இதைப் பேசவில்லை. அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் எவ்வளவு பெரிய சுமையைச் சுமக்கிறார்கள் என்பதை நாம் அறிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நமக்கும் இது உண்டா?

“இது மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் வருவது, நமக்கு வராது” என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இது பாதி உண்மை. 2018 நவம்பர் வரை நம் நாட்டின் தலசீமியாப் பதிவேட்டில் 7,984 நோயாளிகள் பதிவாகியிருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 64 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். மாநிலங்களில் சபாவில்தான் அதிகம். இந்தியர்களின் பங்கு மிகச் சிறியது. ஆனால் குறைவு என்பது வேறு, இல்லை என்பது வேறு. ஒரு குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு வந்துவிட்டால், அந்தக் குடும்பத்திற்கு விழுக்காட்டுக் கணக்கு ஆறுதல் தராது.

நாம் வந்த பூமியைப் பாருங்கள். இந்தியாவில் ஒவ்வோர் ஆண்டும் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட குழந்தைகள் கடுமையான தலசீமியாவோடு பிறப்பதாக மதிப்பிடப்படுகிறது. மொத்த மக்களில் நூற்றுக்கு மூன்று, நான்கு பேர் இக்கூற்றைச் சுமப்பவர்கள். சிந்தி, பஞ்சாபி, குஜராத்தி, வங்காளி மக்களிடம் இது அதிகம். தென்னாட்டில் குறைவு, ஆயினும் உண்டு. இதற்கு உறவான அரிவாள் அணு நோயும் இருக்கிறது. 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தியாவிலேயே முதன்முதலாக அதைக் கண்டு எழுதியது நம் நீலகிரி மலைவாழ் மக்களிடம்தான். மலேசியாவிலும், ஒரிசாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வம்சாவளியினரிடம் இந்நோய் இருப்பதை 1980-களில் மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அதை ஒழிப்பதற்காக இந்திய அரசு 2023 ஜூலை 1-ஆம் நாள் ஒரு தேசியத் திட்டத்தையே தொடங்கியது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இன்று நம் பிள்ளைகள் சொந்த ஊரில், சொந்த இனத்தில் மட்டும் மணம் முடிப்பதில்லை. சீன மருமகள் வருகிறாள், பஞ்சாபி மருமகன் வருகிறார். அது நல்லதுதான். ஆனால் ஹீமோகுளோபின் ஈ என்ற இன்னொரு கூறு தென்கிழக்காசிய மக்களிடம் மிகப் பரவலாக உள்ளது. தலசீமியாக் கூற்றைச் சுமக்கும் ஒருவரும் இதைச் சுமக்கும் ஒருவரும் சேர்ந்தால், அவர்கள் குழந்தைக்கும் நோய் வரலாம். ஆகவே ‘எங்கள் பரம்பரையில் இல்லை’ என்ற பேச்சு எந்த வீட்டிற்கும் காப்பாகாது.

இது பாவமா, தோஷமா?

இக்கூறு இருப்பது தெரிந்தவுடன், “எந்த ஜென்மத்துப் பாவமோ” என்று அழும் தாய்மாரும், “உன் குடும்பத்து இரத்தம் கெட்ட இரத்தம்” என்று ஏசும் மாமியாரும் நம்மிடையே இருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே பதில்தான். இது ஏன் உலகில் இவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கு விஞ்ஞானிகள் காரணம் கண்டிருக்கிறார்கள். இக்கூற்றைச் சுமப்பவர்களை மலேரியாக் காய்ச்சல் கொல்வது குறைவு. மலேரியா மலிந்த நாடுகளில் மற்றவர்கள் மடிய, இவர்கள் பிழைத்துப் பிள்ளை பெற்றார்கள். அதனால்தான் மத்தியதரைக் கடல் முதல் நம் பகுதி வரை மலேரியா இருந்த இடங்களிலெல்லாம் இது இருக்கிறது.

மலாயாவின் தோட்டங்களில் மலேரியாவுக்குப் பலியான நம் மக்கள் எத்தனை பேர் என்பதை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் 1901-இல் கிள்ளானில் சதுப்பு நிலங்களின் நீரை வடியச் செய்து கொசுவை ஒழிக்கத் தொடங்கிய பிறகே அந்தக் கொடுமை படிப்படியாகக் குறைந்தது. அப்படிப்பட்ட காய்ச்சலிலிருந்து ஏதோ ஒரு தலைமுறையில் முன்னோரைக் காத்த கவசம்தான் இன்று சிலருடைய இரத்தத்தில் இருக்கிறது. அதைச் சுமப்பவர் பாவம் செய்தவர் ஆகமாட்டார். பரிகாரம் செய்து போக்கக்கூடிய தோஷமும் அன்று அது. அறிந்து நடந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி, அவ்வளவே.

சோழிக் கணக்கு

ஆசிரியராக இருந்த பழக்கத்தால் ஒரு சிறு கணக்கைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சோழிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சோழி நல்லது, கறுப்புச் சோழி பிழையானது. குழந்தை பிறக்கும்போது தந்தை ஒரு சோழியும் தாய் ஒரு சோழியும் கொடுக்கிறார்கள். எதைக் கொடுப்பது என்பது அவர்கள் கையில் இல்லை.

முதலாவது நிலை. கணவனிடம் ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு. மனைவியிடம் இரண்டும் வெள்ளை. குழந்தைக்கு இரண்டு கறுப்பு கிடைக்க வழியே இல்லை. நோய் வராது. பாதிக்குப் பாதி வாய்ப்பில் குழந்தை தந்தையைப் போல் கூற்றைச் சுமப்பதாக இருக்கும். இப்படிப்பட்ட தம்பதியர் தலசீமியா நோயை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. பிள்ளை பெரியவனானதும், ‘உன் கையில் ஒரு கறுப்புச் சோழி இருக்கலாம், பரிசோதித்துக்கொள்’ என்று சொல்லி வைத்தால் போதும்.

இரண்டாவது நிலை. இருவரிடமும் ஒரு வெள்ளை, ஒரு கறுப்பு. நான்கில் ஒரு வாய்ப்பில் குழந்தை முழு நலமாக இருக்கும். நான்கில் இரண்டு வாய்ப்பில் பெற்றோரைப் போல் சுமப்பதாக இருக்கும். நான்கில் ஒரு வாய்ப்பில் இரண்டும் கறுப்பாகி நோய் வரும்.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். “முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது” என்று எண்ணிக்கொள்கிறார்கள். சோழிக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு கருவிலும் மீண்டும் நான்கில் ஒன்றுதான். மூன்று பிள்ளைகள் பெற்றால் மூவருமே நோயின்றிப் பிறப்பதற்கான வாய்ப்பு 64-இல் 27. ஒருவருக்காவது நோய் வருவதற்கான வாய்ப்பு 64-இல் 37. அதாவது பாதிக்கும் மேல்.

ஆகவே, ‘ஒருவரிடம் இருக்கிறதே, என்ன செய்வது?’ என்ற கேள்விக்கு முதல் பதில் ஒரே வரிதான்: மற்றவரைப் பரிசோதியுங்கள். இரண்டாவது ஆளின் முடிவு தெரியாதவரை அச்சப்படுவதிலும் பொருளில்லை, அலட்சியமாக இருப்பதிலும் பொருளில்லை.

நோயோடு வாழும் ஒருவரே பெற்றோராக விரும்பினால் அதற்கும் வழி உண்டு. அவர் கையில் இரண்டும் கறுப்பு. துணையிடம் இரண்டும் வெள்ளையானால் பிள்ளைகள் எல்லோரும் சுமப்பவர்களாக இருப்பார்கள், யாருக்கும் நோய் வராது. ஆனால் தாயாகப் போகிறவர் நோயாளி என்றால், கருத்தரிக்கும் முன்பே இதயமும் ஈரலும் பரிசோதிக்கப்பட வேண்டும். மருந்துகளில் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை நிபுணர் முடிவு செய்ய வேண்டும். முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லாமல் கருத்தரிப்பது ஆபத்து.

மாமன் மகளும் அக்காள் மகளும்

அடுத்து, நம் சமூகத்திற்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1-ஆம் நாள் நடப்புக்கு வந்தது. அதன் 11-ஆவது பிரிவு நெருங்கிய உறவில் மணம் முடிப்பதைத் தடுக்கிறது. ஆனால் இந்துக்கள் தங்கள் வழக்கப்படி அக்காள் மகளை மணப்பதற்கு விலக்கு அளிக்கிறது. நம் வழக்கத்தை மதித்துக் கொடுத்த விலக்கு அது. நானும் வழக்கத்தைக் குறைகூற வரவில்லை. கணக்கை மட்டும் சொல்கிறேன்.

தாய்மாமன் ஒருவர் இக்கூற்றைச் சுமக்கிறார் என்றால், அவருடைய அக்காளிடம் அது இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அக்காள் மகளிடம் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் உறவென்றால் எட்டில் ஒன்று. அந்நியத்தில் பெண் எடுத்தால் நூற்றுக்குச் சில பேர் என்ற அளவுதான். எனவே சொந்தத்தில் முடிப்பதானால் பரிசோதனை கட்டாயம் என்று நாமே ஒரு விதி வைத்துக்கொள்வது நல்லது. ‘சொந்தத்தில் கொடுக்கிறோம், விசாரிக்க என்ன இருக்கிறது’ என்று சொல்லும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டியது அதிகம் இருக்கிறது.

பரிசோதனை எப்படி?

பரிசோதனை என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். கையிலிருந்து சிறிதளவு இரத்தம் எடுப்பார்கள். முதலில் முழு இரத்த எண்ணிக்கை. அதில் எம்.சி.எச். என்று ஓர் எண் வரும். அது 27-க்குக் கீழே இருந்தால் ஐயப்பட இடமுண்டு. அடுத்து ஹீமோகுளோபின் பகுப்பாய்வு. அதில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை 3.5 விழுக்காட்டிற்கு மேல் இருந்தால் பீட்டாத் தலசீமியாக் கூற்றைச் சுமப்பவர் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆல்பா என்ற இன்னொரு வகைக்கு மரபணுச் சோதனை தேவைப்படும். நம்மவரிடம் காணப்படும் ஆல்பா வகை பெரும்பாலும் லேசானது. ஆனால் தென்கிழக்காசிய மக்களிடமும் சீனர்களிடமும் உள்ள ஒரு கடுமையான ஆல்பா வகையை இருவருமே சுமந்தால், குழந்தை வயிற்றிலேயே வீங்கி இறந்துவிடக்கூடும். தாயின் உயிருக்கும் ஆபத்து உண்டு.

இங்கே தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ‘இரத்தம் குறைவு’ என்றதும் கடையில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குவது நம் பெண்களிடம் பழக்கமாக இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவிலும் அணுக்கள் சிறுத்திருக்கும், தலசீமியாக் கூற்றிலும் சிறுத்திருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே தோன்றும். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்து இருப்பதும் உண்டு. உடலில் இரும்பு எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்த்த பிறகே மருந்து எடுக்க வேண்டும். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் இரத்தம் ஏறவில்லை என்றால், ‘தலசீமியாவுக்குப் பார்த்தீர்களா?’ என்று மருத்துவரைக் கேட்கத் தயங்காதீர்கள்.

நம் சுகாதார அமைச்சு 2004-ஆம் ஆண்டு தலசீமியாத் தடுப்புக்கான தேசியத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2016 முதல் இடைநிலைப் பள்ளிகளில் நான்காம் படிவ மாணவர்களுக்குப் பரிசோதனை தொடங்கியது. அதற்குப் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். அந்தத் தாள் வீட்டிற்கு வரும்போது, ‘ஊசி எதற்கு, பிள்ளைக்கு ஒன்றும் இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பதினாறு வயதில் தெரிந்துகொண்டால் யோசிப்பதற்கு நிறைய காலம் இருக்கிறது. முடிவு வந்தால் அந்த அட்டையைப் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். பதினாறு வயதில் வாங்கிய அட்டை இருபத்தெட்டு வயதில் திருமணம் பேசும்போது எங்கே போயிற்று என்று தேடுவதில் பயனில்லை.

பள்ளியில் பார்க்காதவர்கள் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் கேட்கலாம். நம் வட்டாரத்திலேயே கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனை இருக்கிறது. பெர்தாமில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ நிலையம் இருக்கிறது. ஆலோசனைக்காக வெகுதூரம் அலைய வேண்டிய நிலையில் நாம் இல்லை. ஒருவருக்கு இருப்பது தெரிந்தால் அண்ணன், தம்பி, அக்காள், தங்கை, சித்தப்பா பிள்ளைகள், மாமா பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லுங்கள். மறைத்துவைத்தால் அவர்களுக்குத்தான் கேடு.

இருவரிடமும் இருந்தால்?

இதுதான் கடினமான இடம். பேசி முடித்துவிட்டோம், அல்லது பிள்ளைகள் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள், இப்போது இருவரிடமும் இருப்பது தெரிகிறது. என்ன செய்வது?

பிரிந்துதான் ஆக வேண்டும் என்று சொல்ல ஆலயத்திற்கும் உரிமை இல்லை, பெற்றோருக்கும் உரிமை இல்லை. அந்த இருவரும் மருத்துவரிடம் ஆலோசனை பெற்று, முழு விவரம் அறிந்து, தாங்களே முடிவு செய்ய வேண்டும். வழிகள் பல உண்டு. அறிந்தே மணம் முடித்து, பிள்ளை வேண்டாம் என்று வாழலாம். 1952-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டத்தின்படி ஒரு பிள்ளையைத் தத்தெடுத்து வளர்க்கலாம். சோதனைக் குழாய் முறையில் கருவை உருவாக்கி, நோயில்லாத கருவை மட்டும் தேர்ந்து கருப்பையில் வைக்கும் முறையும் உண்டு. அதற்குச் செலவு மிக அதிகம், வெற்றியும் உறுதியில்லை. இயற்கையாகக் கருத்தரித்து, ஏறக்குறைய 11-ஆவது வாரத்திலிருந்து நஞ்சுக்கொடியின் சிறு துணுக்கை எடுத்தோ, 15-ஆவது வாரத்திற்குப் பின் பனிக்குட நீரை எடுத்தோ குழந்தைக்கு நோய் உண்டா என்று அறியலாம். இவற்றால் கரு கலைந்துபோகும் வாய்ப்பு சிறிதளவு உண்டு என்பதையும் அறிந்திருக்க வேண்டும். எதையும் சோதிக்காமல், பிறக்கும் குழந்தை எதுவாயினும் ஏற்று வளர்ப்போம் என்று துணிவதும் ஒரு வழியே. அப்படித் துணிந்தவர்களுக்கு நாம் தோள் கொடுக்க வேண்டும்.

நோய் இருப்பது வயிற்றிலேயே தெரிந்தால் கருவைக் கலைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 312-ஆவது பிரிவு 1989-இல் திருத்தப்பட்டது. கர்ப்பம் தொடர்வதால் தாயின் உயிருக்கோ, உடல்நலத்திற்கோ, மனநலத்திற்கோ கேடு அதிகம் என்று பதிவுபெற்ற மருத்துவர் நன்னம்பிக்கையோடு கருதினால் மட்டுமே அது அனுமதிக்கப்படுகிறது. குழந்தையின் நோய் என்பது தனிக் காரணமாக அதில் எழுதப்படவில்லை. நம் சமயமும் கருவிலுள்ள உயிரை எளிதாக எண்ணுவதில்லை. இந்த முடிவின் பாரம் ஒரு தாயின் மனத்தில் எவ்வளவு காலம் தங்கும் என்பது அனுபவித்தவர்களுக்கே தெரியும். எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் அந்தப் பெண்ணை நாம் தூற்றக் கூடாது.

அதனால்தான் சொல்கிறேன், கருத்தரிக்கும் முன்பே அறிந்துகொள்ளுங்கள். நான்கு மாத வயிற்றோடு கிளினிக்குக்குப் போய், அங்கே மனைவிக்கு இருப்பது தெரிந்து, கணவரை வரச்சொல்லி, அவர் வேலை இருக்கிறது என்று ஒரு மாதம் கழித்து வந்து, அதன் பிறகு முடிவு தெரிந்தால், முன்னே இருந்த வழிகளில் பல அடைபட்டுப் போயிருக்கும். ஆண்களுக்குச் சொல்கிறேன்: கிளினிக்கில் கூப்பிட்டால் அன்றே போங்கள். பத்து நிமிட வேலைதான். அதைத் தள்ளிப்போடுவதில் ஆண்மை எதுவும் இல்லை.

சைப்பிரஸ் தீவு காட்டிய வழி

மத்தியதரைக் கடலில் சைப்பிரஸ் என்ற சிறிய தீவு. அங்கே ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர் தலசீமியாக் கூற்றைச் சுமப்பவர். 1970-களில் அந்த நாடு இதை எதிர்த்து எழுந்தது. அதில் பெரும்பங்கு ஆற்றியது அவர்களுடைய தேவாலயம். 1983 முதல், பரிசோதனை செய்துகொண்ட சான்றிதழ் இருந்தால்தான் அங்கே திருமணம் நடக்கும் என்று ஆயிற்று. அந்தச் சான்றிதழில் ஒரு நுட்பம் உண்டு. மணமக்கள் பரிசோதனை செய்துகொண்டார்கள், ஆலோசனை பெற்றார்கள் என்று மட்டுமே அது சொல்லும். முடிவு என்ன என்பதைச் சொல்லாது. பாதிரியாருக்கு அது தெரிய வேண்டியதில்லை. முடிவு தெரிந்த பிறகும் பெரும்பாலான ஜோடிகள் பிரியவில்லை, திருமணம் செய்துகொண்டார்கள். ஆனால் அறிந்து செய்துகொண்டார்கள். சில ஆண்டுகளில் அங்கே நோயோடு பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இல்லை என்னும் அளவுக்குக் குறைந்துவிட்டது.

ஒரு சமய நிறுவனம் செய்த காரியம் அது. நம்மாலும் ஒரு சிறிய அளவில் முடியும். நாம் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, கட்டாயப்படுத்தவும் வேண்டாம். திருமணத்திற்கு மண்டபம் கேட்டு வருகிறவர்களிடம் எத்தனை கேள்விகள் கேட்கிறோம்! எத்தனை இலை, எத்தனை நாற்காலி, நாதஸ்வரம் யார் என்றெல்லாம் கேட்கிறோம். அவற்றோடு, “இருவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டீர்களா?” என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்போம். முடிவைக் கேட்க வேண்டாம், ஏட்டில் எழுத வேண்டாம். செய்யவில்லை என்றால் கிளினிக்கின் முகவரியைக் கொடுத்து அனுப்புவோம்.

ஆனால் அதற்கும் முன்பே செய்வது இன்னும் நல்லது. திருமண அறிவிப்பு கொடுத்தால் சட்டப்படி 21 நாள் காத்திருக்க வேண்டும். பரிசோதனை செய்து, இரண்டாம் முறை உறுதிப்படுத்தி, மருத்துவரோடு பேசி, மனம் தெளிய அந்த 21 நாள் போதாது. அழைப்பிதழ் அடித்துவிட்ட பிறகு வரும் எந்தச் செய்தியும் இடிபோலத்தான் விழும். ஆகவே ஜாதகம் கொடுத்து வாங்கும் நாளிலேயே, பத்துப் பொருத்தம் பார்க்கும்போதே, இதையும் பார்த்துவிடுங்கள். பதினோராவது பொருத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஓர் அச்சம் உண்டு. ‘என் மகளிடம் இருப்பது வெளியே தெரிந்தால் யார் கட்டுவார்கள்?’ என்பதே அது. இந்த அச்சம் நியாயமானது. ஏனென்றால் நம் சமூகம் ஆணிடம் இருந்தால் மறந்துவிடும், பெண்ணிடம் இருந்தால் தெருவெல்லாம் பேசும். இந்த ஓரவஞ்சனை நிற்கும்வரை எந்தப் பரிசோதனைத் திட்டமும் முழு வெற்றி பெறாது. மாப்பிள்ளை வீட்டார் முதலில் தங்கள் பிள்ளையைப் பரிசோதித்துவிட்டு வரட்டும். பையனிடம் இல்லை என்று உறுதியாகிவிட்டால், பெண்ணிடம் இருந்தால்கூடக் குழந்தைக்கு நோய் வராது என்பதைச் சோழிக் கணக்கில் பார்த்தோம். பிறகு எதற்குப் பெண்ணைத் தட்டிக்கழிக்க வேண்டும்? ஒருவரிடம் இருப்பதைக் காரணம் காட்டிச் சம்பந்தத்தை முறிப்பது அறியாமை. வாயைக் கட்டுவதும் ஒரு விரதம்தான். பிறர் வீட்டு இரத்த அறிக்கையைப் பற்றிப் பேசாமல் இருப்பதை நாம் எல்லோரும் அந்த விரதமாக மேற்கொள்வோம்.

முடிவாக ஒன்று. தலசீமியாவோடு பிறந்துவிட்ட பிள்ளைகள் இன்று நம் நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மாதந்தோறும் வேண்டியது யாரோ ஒருவர் கொடுக்கும் இரத்தம். மே 8-ஆம் நாள் உலகத் தலசீமியா தினம். அந்த வாரத்தில் நம் ஆலய மண்டபத்தில் ஓர் இரத்ததான முகாம் நடத்தலாம் என்று நிர்வாகக் குழுவின் முன் வைக்கிறேன். அதே இடத்தில், திருமண வயதுப் பிள்ளைகளுக்குப் பரிசோதனை பற்றி எடுத்துச்சொல்ல சுகாதாரக் கிளினிக்கிலிருந்து தாதியர் ஒருவரை அழைக்கலாம். அன்னதானத்திற்கு முன்னின்று கொடுக்கும் கைகள் இதற்கும் முன்வரும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்கள் வீட்டிற்குப் போனதும் பெற்றோரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “பள்ளியில் எனக்கு இரத்தம் எடுத்தார்களே, அந்த அட்டை எங்கே?” பெற்றோர்கள் அதைத் தேடி எடுத்துக் கொடுங்கள். இல்லையென்றால் அடுத்த வாரமே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். எல்லாம் வல்ல இறைவன் அருளால் நம் வீடுகளில் பிறக்கும் குழந்தைகள் நோயற்று வாழ்க.